குவளையில் குடியேறிய பூச்சாண்டி

சித்திரை மாதத்து நண்பகல். வடக்கே சேர்வராயன் மலை. கிழக்கே கொல்லிமலை. மேற்கே, மேட்டூரிலிருந்து இறங்கித் தெற்கு நோக்கி வளையும் காவிரி. இவற்றின் நடுவே விரிந்து கிடக்கிறது சேலம், நாமக்கல் சமவெளி. காற்று அசையவில்லை, காக்கை கரையவில்லை. மரவள்ளிக் காட்டு மண் வாய் பிளந்து கிடக்கிறது. மாடு நிழல் தேடுகிறது. மனிதன் நீர் தேடுகிறான். நீர் தேடாத உயிர் அங்கே ஒன்றே ஒன்றுதான் - இரண்டு வயதுக் குழந்தை!

ஆம், தோழர்களே! தாய் குவளையை நீட்டுகிறாள்; குழந்தை முகத்தைத் திருப்புகிறது. தாய் கொஞ்சுகிறாள், குழந்தை வாயை இறுக மூடுகிறது. தாய் கெஞ்சுகிறாள், குழந்தை குவளையைத் தட்டிவிடுகிறது. "வேண்டாம்!" என்கிறது. பேசக் கற்கும் குழந்தை விரைவில் பற்றிக் கொள்ளும் சொற்களில் அது ஒன்று. பிறர் விருப்பத்துக்கு எதிராகத் தன் விருப்பத்தை நிறுத்தத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

"நாட்டிலே ஆயிரம் சிக்கல் இருக்க, அடுக்களைச் செய்தியையா ஏட்டிலே எழுத வந்தாய்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், சென்ற கோடை வரையில். பகுத்தறிவின் களம் மேடை என்று எண்ணினோம். மன்றம் என்று எண்ணினோம். படிப்பகம் என்று எண்ணினோம். அதன் முதற்களம் ஒரு குவளைத் தண்ணீர் என்பதை நமக்குக் கற்பித்தது ஒரு குழந்தை. கற்பித்த விதமோ, நாம் பெருமையோடு கூறத்தக்கதன்று.

திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரில் நம் தமக்கையின் வீடு. கோடை விடுமுறைக்குச் சென்றிருந்தோம். தமக்கையின் பிள்ளைக்கு இரண்டு வயது. மூன்று நாளாக அவன் தண்ணீரைத் தொடவில்லை; சோறு உண்பான், பால் குடிப்பான், தண்ணீர் என்றால் தலையாட்டுவான். அவனுடைய அப்பத்தா, "ஏனுங்க வாத்தியாரே, யாரோ கண்ணு வெச்சிருக்காங்க" என்றார். மிளகாய் சுற்றினார், உப்புச் சுற்றினார். தமக்கையோ, அவனை மடியிலே கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பாலாடையால் புகட்டினாள். புரையேறிற்று, பிள்ளையின் கண்கள் சிவந்தன, உள்ளே போனதைவிட வெளியே வந்ததே மிகுதி.

நாம் சும்மா இருப்போமா? பட்டம் பெற்றவராயிற்றே! பாடம் நடத்துபவராயிற்றே! கண்ணேறு என்பது கற்பனை என்றோம். மூக்கைப் பிடிப்பது மூச்சுக்குக் கேடு என்றோம். குழந்தைக்கும் தன்மானம் உண்டு என்றோம். தமக்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் விடை தந்தாள்: "நீ பேசுவே தம்பி. பேச்சு உனக்கு, பிள்ளை எனக்கு."

மறுநாள் பிற்பகல். தமக்கை விசைத்தறிக்குப் போய்விட்டாள். அப்பத்தா உறங்கிவிட்டார். பிள்ளையும் நாமும் மட்டும். காலையிலிருந்து அவன் குடித்தது அரைக் குவளை இருக்குமா? ஐயம். நெற்றியைத் தொட்டோம், சுட்டது. வெயிலின் சூடா, காய்ச்சலின் சூடா? அச்சம். குவளையை நீட்டினோம், தட்டிவிட்டான். மீண்டும் நீட்டினோம்; மீண்டும் தட்டினான். மூன்றாம் முறை நம் வாயிலிருந்து, நம்மைக் கேளாமலே, வந்து விழுந்தன அந்தச் சொற்கள்: "குடி! குடிக்காவிட்டால் பூச்சாண்டி வந்துவிடுவான்!"

குடித்தான், தோழர்களே! கடகடவென்று குடித்தான்! கண்களை அகல விரித்து, நம் தோளுக்குப் பின்னே இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தான். குவளை காலியாயிற்று. நாம் வென்றோம்!

அந்த வெற்றி அந்தி வரையில்தான் நின்றது. விளக்கு வைத்த பின், பானை இருக்கும் மூலைப்பக்கம் அவன் போகவில்லை. தாய் கையைப் பிடித்து அழைத்தாள். அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டான். "அங்க பூச்சாண்டி" என்றான். முன்பு தண்ணீரை வேண்டாமென்றான். இப்போது தண்ணீர்ப் பானையைக் கண்டே நடுங்கினான்! பூச்சாண்டி நம் பேச்சோடு போய்விடவில்லை. பானையின் அருகே குடியேறிவிட்டான். அவனைக் குடியேற்றியவர் யார்? பேயும் பிசாசும் பித்தலாட்டம் என்று ஊர்தோறும் முழங்கியவர்! கண்ணேறு கற்பனை என்று முந்தைய நாள்தான் அப்பத்தாவுக்கு அறிவுரை கூறியவர்! அவரிடம் இருந்தது வழிவழி வந்த நம்பிக்கை, அறியாமல் நம்பினார். நாம் நம்பவில்லை, அறிந்தே பொய் சொன்னோம். இருவரில் எவர் குற்றம் பெரிது?

எழுந்தது கேள்வி. அறிவு முதிராத ஓர் உயிரை, அதன் நலத்துக்காகவே, அச்சத்தாலும் பொய்யாலும் வழிநடத்தலாமா?

"நடத்தலாம்" என்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. குழந்தைக்கு உடற்கூறு தெரியாது. வியர்வையால் நீர் இழக்கிறோம், இழந்ததை ஈடு செய்ய வேண்டும் என்று அதற்குச் சொற்பொழிவாற்ற முடியாது. காரணம் புரியாதவனிடம் காரணம் பேசிக்கொண்டிருந்தால் நாக்கு வறளும் - பேசுபவன் நாக்கும், பிள்ளையின் நாக்கும்! பொய் சொன்னாலென்ன, பிள்ளை பிழைத்தால் போதாதா? இது தாயின் வாதம். பிள்ளைமீது கொண்ட அன்பே அதன் வேர். ஆகையால் அதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

மேலைநாட்டு அறிஞரும் இதிலே ஒருமித்தாரில்லை. ஆங்கில நாட்டு ஜான் லாக், 1693-ஆம் ஆண்டில் கல்வி பற்றி எழுதிய நூலிலே, குழந்தைகளிடம் அவர்தம் அளவுக்கேற்பக் காரணம் கூறுங்கள் என்றார். அதே நூலில் அவர் இன்னொன்றையும் எச்சரித்தார்: பணிப்பெண்கள் பேய்க்கதை கூறிப் பிள்ளைகளை அடக்குகிறார்கள்; அந்த அச்சம் வளர்ந்தபின்னும் விட்டகலாது, இருளைக் கண்டு நடுங்கும் மனிதராக அவர்களை ஆக்கிவிடும் என்றார். பூச்சாண்டிக்கு ஆங்கில நாட்டிலும் அண்ணன் தம்பி உண்டு போலும்! ஆனால் 1762-இல் 'எமீல்' எழுதிய ரூசோ, லாக்கின் முதல் அறிவுரையை மறுத்தார். காரணம் காட்டிக் குழந்தையை வளர்ப்பது கட்டி முடிக்க வேண்டிய வீட்டைக் கருவியாகக் கொண்டே வீடு கட்டத் தொடங்குவது போன்றது. சொல்லால் அன்று, பொருள்களின் இயல்பால் குழந்தை கற்கட்டும் என்பது அவர் கருத்து. சொந்தப் பிள்ளைகள் ஐவரைக் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் சேர்த்துவிட்டவர் அவர் என்பது வேறு கதை. 1859-இல் தனிமனித உரிமைக்கு வாதாடிய ஜான் ஸ்டுவர்ட் மில்லும், தன் கொள்கை வயது வந்தோர்க்கே, சிறார்க்கன்று என்று வரம்பு கட்டினார்.

ஆக, குழந்தையின் "வேண்டாம்" இறுதித் தீர்ப்பன்று. இதை நாமும் ஒப்புகிறோம். ஒப்பாமல் இருக்க முடியாத நேரங்கள் உண்டு. அவற்றுள் கொடியது வயிற்றுப்போக்கு.

உலகில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 இலட்சத்துக்கு மேல் வயிற்றுப்போக்கால் மாள்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவருள் பலரைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வற்றிப் போவதே. நம் சிற்றூர்களிலோ, நெடுங்காலமாக என்ன கூறி வந்தனர்? "வயிற்றால் போகிறது, தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்றனர். "தொக்கம்" என்றனர். "சீர் தட்டிவிட்டது" என்றனர். வீட்டுக்கு விலக்கான பெண்ணின் நிழல் பட்டதால் வந்த வினை என்றனர்! குழந்தைக்கு நோய், குற்றவாளியோ ஏதுமறியாத ஒரு பெண்! குழந்தைக்குத் தண்ணீரை மறுத்தனர். பெண்ணுக்கு மானத்தை மறுத்தனர். ஒரே மூடநம்பிக்கை, இரண்டு கொடுமை.

இதற்கு மருந்து எங்கிருந்து வந்தது? 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர், குடற்சுவரின் இயல்பு ஒன்றை விளக்கினார். சர்க்கரையும் உப்பும் அங்கே ஒரே வாயிலின் வழியாகக் கைகோத்து நுழைகின்றன. அவை நுழைந்தால் நீரும் பின்தொடர்கிறது. வெறும் நீர் கொடுத்தால் நில்லாத உடல், சிறிது உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்ந்த நீரை ஏற்றுக்கொள்கிறது. அவ்வளவே! 1971-இல், வங்காளத்துப் போரில் அகதிகள் எல்லை கடந்து குவிந்தபோது, பங்காவ்ன் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்து கொண்டிருந்தது. திலீப் மகலனாபிசு என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கலன்களில் நிரப்பினார். நோயாளியின் உற்றாரே குவளையில் முகந்து கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக வீழ்ந்தது. 2022-இல் அவர் மறைந்தார். மறைந்த பிறகே, 2023-இல், இந்திய அரசு பத்ம விபூசன் விருதளித்தது.

வங்காள தேசத்திலே 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகள், வீடு வீடாகச் சென்று 1 கோடியே 20 இலட்சம் குடும்பங்களுக்கு இதைக் கற்பித்தது. உப்பு ஒரு சிட்டிகை. வெல்லம் ஒரு கைப்பிடி. அரை லிட்டர் நீர். சிட்டிகை எடுக்கும் விரல் மூன்று என்று எண்ணியே கற்பித்தனர். முதலில் தாய்மார் கேட்டுக் கொண்டனர். ஆனால் பயன்படுத்தினோர் குறைவு. ஏன் என ஆராய்ந்தனர். தெரிந்தது என்ன? கற்பிக்கச் சென்றவர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை! தமக்கு நோய் வந்தால் வேறு மருந்தைத் தேடினர்! பிறகு கற்பிப்போருக்கு முதலில் காரணத்தை விளங்க வைத்தனர். வீட்டு ஆடவரையும் அழைத்துப் பேசினர். அதன்பின் பயன்படுத்துவோர் பெருகினர். ஆசிரியராகிய நமக்கு இதைவிடச் சுடும் பாடம் வேறு வேண்டுமா? தான் நம்பாததைப் பிறர்க்குக் கற்பிக்க இயலாது. பேயில்லை என்று கற்பிப்பவன், தேவைப்படும்போது பேயைக் கடன் வாங்கலாகாது.

பரமத்திவேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் உண்டு. பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை உண்டு. வெல்லம் நம் மண்ணின் பண்டம். எனினும் இன்று, ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கிறது. கைப்பிடி அளவைவிடப் பொட்டலத்தின் அளவே திருத்தமானது. பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில், பெரும்பாலும் 1 லிட்டரில், கரைக்க வேண்டும். அது இல்லாத வேளையில், 1 லிட்டர் தூய நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும், 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாக. கண் குழிந்து, வாய் உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லவே படிந்து, பிள்ளை துவண்டு கிடந்தால் - ஒரு நொடியும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு!

அந்த நேரத்தில் குழந்தை "வேண்டாம்" என்றால்? கொடுத்தே தீர வேண்டும். அழுதாலும் கொடுக்க வேண்டும். மருத்துவர் ஊசி வழியே நீர் ஏற்ற வேண்டுமென்றால், கையைப் பிடித்துக் கொள்ளத்தான் வேண்டும். அப்படியானால், நாம் பூச்சாண்டியை அழைத்ததும் அதுவும் ஒன்றா?

ஒன்றன்று, தோழர்களே! இரவெல்லாம் எண்ணி நாம் கண்ட உரைகல் இது: நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து, "அன்று ஏன் எனக்கு அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால், உண்மைக் காரணத்தை நாணாமல் கூற முடியுமா? "உன் உடலில் நீர் வற்றிற்று; ஊசி போட்டார்கள்; நீ அழுதாய்; நாங்கள் உன் கையைப் பிடித்துக் கொண்டோம்" என்று கூறலாம். அவன் புரிந்து கொள்வான். கையைப் பிடித்தவர் கையை அவனே பற்றிக் கொள்ளவும் கூடும். "நீ தண்ணீர் குடிக்கவில்லை, எங்களுக்குப் பொறுமை இல்லை, இல்லாத ஒருவனைச் சொல்லி உன்னை நடுங்க வைத்தோம்" என்று கூற முடியுமா? நா எழுமா?

"எழும்! 'அடித்தோம், அதனால்தான் உருப்பட்டாய்' என்று பெருமை பேசும் பெற்றோர் இல்லையா? நாணமே இல்லாதவருக்கு உம் உரைகல் எதற்கு உதவும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆகவே உரைகல்லுக்கு இரண்டாம் பக்கமும் வேண்டும்: மென்மையான வழி ஒன்று இருந்தும், அதைத் தேடாமல் வன்மையைக் கையாண்டோமா? ஊசி வேண்டிய நேரத்தில் வேறு வழி இல்லை. பூச்சாண்டியை அழைத்த நேரத்திலோ, நாம் வழி தேடவே இல்லை. குழந்தை ஏன் மறுக்கிறது என்று கேட்கவே இல்லை! கண்ணேறு என்றார் அப்பத்தா. பிடிவாதம் என்றாள் தமக்கை. அறியாமை என்றோம் நாம். மூவரும் விடை கூறினோம், ஒருவரும் வினவவில்லை.

வினவியது மறுநாள் காலை. வினவ வேறு ஒன்றும் செய்யவில்லை. அவன் குவளையிலிருந்து ஒரு வாய் நாமே குடித்துப் பார்த்தோம். உப்பு! நாக்கில் கரித்தது! அந்த வாரம் குழாயில் காவிரி நீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தமக்கை காய்ச்சி ஆற்றி வைத்திருந்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பு மிகும். வீட்டிலிருந்த பெரியவர்களாகிய நாம் அந்த நீரை எப்படிக் குடித்தோம்? தேநீராகக் குடித்தோம், மோராகக் குடித்தோம், குழம்பாகவும் இரசமாகவும் குடித்தோம். வெறும் நீராகக் குடிக்கும்படி வற்புறுத்தப்பட்டவன் ஒருவன்தான். அவனிடம் சொல் இல்லை, நாக்கு இருந்தது. "உப்பாக இருக்கிறது" என்று கூறத் தெரியாதவன், "வேண்டாம்" என்றான். அவன் கூறிய அந்த ஒரு சொல், நம் மூவர் ஆராய்ச்சியைவிட அறிவுடையதாக இருந்தது!

உப்பு மட்டுமா? சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை; நாளடைவில் எலும்புக்கும் கேடு. அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை, நாக்கு காட்டிக் கொடுக்காது, காய்ச்சினாலும் போகாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது; அணையின் நிழலிலே வாழும் பிள்ளை உப்பு நீர் குடிக்கிறது! "பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லை" என்னும் குறை, சில வீடுகளில் பிள்ளையின் குறையே அன்று; ஊரின் குறை. தாயின் மடியில் தீர்க்க வேண்டியதன்று. ஊராட்சியின் மன்றத்தில் கேட்க வேண்டியது. கேட்பீர்களா, இளைஞர்களே?

சரி, நீர் நல்ல நீர்தான். பிள்ளை உடல்நலத்தோடுதான் இருக்கிறான். ஆயினும் குடிக்க மறுக்கிறான். என்ன செய்வது? முதலில் அளந்து பார்ப்போம். 1957-இல் ஆலிடே, சீகர் என்னும் இரு மருத்துவர் மருத்துவமனைப் பிள்ளைகளுக்கென வகுத்த கணக்கு ஒன்று உண்டு: எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லி லிட்டர், அடுத்த 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 50. பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 1,100 மில்லி லிட்டர். தோராயமாக அளவறிய இது உதவும். இதெல்லாம் தண்ணீராகவே போக வேண்டுமா? வேண்டாம்! பாலிலும் நீர், மோரிலும் நீர், கஞ்சியிலும் இரசஞ்சோற்றிலும் நீர், வெள்ளரியிலும் தர்ப்பூசணியிலும் நீர். சிறுநீர் வெளிர்நிறமாய் அடிக்கடி போகிறதா? வாய் ஈரமாயிருக்கிறதா? பிள்ளை ஓடியாடுகிறதா? அப்படியானால் குவளையை எண்ணித் துன்புற வேண்டாம். உடல் கூறும் சான்றை நம்புவதே பகுத்தறிவு. ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கோ, தாய்ப்பாலே போதும். கோடையானாலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை.

பிறகு, வழி. பெரிய குவளை வேண்டாம். அவன் கைக்கு அடங்கும் சிறு குவளை. ஒரே முறையில் நிறைய வேண்டாம். அடிக்கடி இரண்டு மடக்கு. "குடிக்கிறாயா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பான், "சிவப்புக் குவளையா, வெள்ளைக் குவளையா?" என்று கேட்டால் தேர்ந்தெடுப்பான். இது ஏமாற்றன்று, அவன் அளவுக்கு ஏற்ற ஓர் ஆட்சியை அவனுக்கு அளிப்பது. நாம் அவன் கண்முன்னே தண்ணீர் குடிக்க வேண்டும். பார்ப்பதைச் செய்வது குழந்தையின் இயல்பு. விளையாட்டின் இடைவேளையில், உணவின் நடுவில், வெளியே போய் வந்தவுடன் என்று வேளை வகுக்க வேண்டும். சவ்வரிசிக் கஞ்சியா, கேழ்வரகுக் கூழா, நீர்மோரா, இளநீரா - சேலத்துச் சமவெளிக்கு வழியா இல்லை? பாலை மட்டுமே நாள் முழுதும் ஊட்டினால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். தேநீர் பிள்ளைக்கு ஆகாது. வேண்டாமென்று மூன்றாம் முறையும் கூறினால், குவளையை வைத்துவிட்டு அரை மணி கழித்து வருக. உடல்நலமுள்ள பிள்ளைக்கு அரை மணியில் ஒன்றும் ஆகிவிடாது. நமக்குத்தான் பொறுமை ஆகிவிடுகிறது!

பூச்சாண்டி கறுத்த உருவில்தான் வருவான் என்று எண்ணாதீர். வண்ணப் புட்டியிலும் வருவான். "தண்ணீர் குடிக்கவில்லையே, இதையாவது குடிக்கட்டும்" என்று கடையில் தொங்கும் இனிப்பு நீரை வாங்கி ஊற்றுகிறோம். அச்சம் காட்டிக் குடிக்க வைப்பது ஒரு தந்திரம். ஆசை காட்டிக் குடிக்க வைப்பது இன்னொரு தந்திரம். நாக்கு இனிப்புக்குப் பழகினால், நல்ல தண்ணீரும் கசக்கும். சர்க்கரை மிகுந்த பானங்கள் சில, உயிர்காக்கும் கரைசலின் பெயரையே சட்டையில் குத்திக்கொண்டு கடைகளில் நின்றன! வயிற்றுப்போக்கில் துவளும் பிள்ளைக்கு அதை மருந்தென்று நம்பி வாங்கிய தாய்மார் எத்தனை பேர்! அளவுக்கு மீறிய சர்க்கரை வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். 2025 அக்டோபரில்தான், உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுக்கு ஒவ்வாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் பெயரைத் தாங்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஏமாற்றுபவன் மந்திரவாதியாயின் என்ன, வணிகனாயின் என்ன? பொட்டலத்தின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் படிப்பவரே பகுத்தறிவாளர்.

பள்ளிக்கு வருவோம். முதல் வகுப்பிலே பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். தாகம். எழுந்து கேட்க அஞ்சுகிறார்கள். ஏன்? இரண்டு வயதில் பூச்சாண்டியைக் காட்டினோம். மூன்று வயதில் போலீசுக்காரரைக் காட்டினோம். "வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன்" என்று நான்கு வயதில் நம்மையே காட்டினார்கள்! நம்மைப் பூச்சாண்டியாக அறிமுகம் செய்து வைத்த பிறகு, நம்மிடம் "தண்ணீர் வேண்டும்" என்று அந்தப் பிள்ளை எப்படிக் கேட்கும்? 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடித்தார்கள். 2025-இல் தமிழ்நாட்டிலும் அந்த மணி ஒலித்தது. நன்று. ஆனால் கழிப்பறை ஒழுங்காயில்லாத பள்ளியில் மணி அடித்தால், பெண்பிள்ளைகள் குடிப்பது போல் பாவனை செய்வார்கள், குடிக்கமாட்டார்கள். அவர்களுடைய "வேண்டாம்" என்பதற்கும் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் உடலை வருத்துவதையும் உள்ளத்தை வருத்துவதையும் தடுத்திருக்கிறது. வீட்டிலே குவளையோடு தொடங்கும் அச்சத்தைத் தடுக்கச் சட்டம் எங்கே வரும்? அங்கே நாம்தான் போக வேண்டும்.

போனோம், தோழர்களே. அன்று மாலை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்கி வந்தோம். பானை மூலையில் விளக்கேற்றி வைத்துத் தரையில் அமர்ந்தோம். பிள்ளையை அழைத்தோம், வரவில்லை. தாயின் இடுப்பிலிருந்தபடியே பார்த்தான். பானையின் பின்னே கையை விட்டுக் காட்டினோம். மூடியைத் திறந்து காட்டினோம். "பூச்சாண்டி இல்லைடா. மாமன் பொய் சொல்லிட்டேன்" என்றோம். இரண்டு வயதுக் குழந்தையின் முன்னே பட்டதாரி ஆசிரியர் தம் பொய்யை ஒப்புக்கொண்டார்! அப்பத்தா சிரித்தார். தமக்கை சிரிக்கவில்லை. குனிந்து நம் பக்கத்தில் அமர்ந்தாள், மூக்கைப் பிடித்துப் புகட்டிய தன் கையை ஒரு முறை பார்த்துக் கொண்டாள், ஒன்றும் கூறவில்லை.

பிள்ளை அன்று அந்த மூலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரே சொல்லில் குடியேறியவன், ஒரே சொல்லில் வெளியேறமாட்டான். பொய்க்கும் மெய்க்கும் உள்ள விலை வேறுபாடு அது. நான்காம் நாள், நாம் ஊருக்குப் புறப்படும் வேளையில், சிறு குவளையோடு தானே நடந்து போனான். பானையின் பின்னே எட்டிப் பார்த்தான். "இல்ல" என்றான். குவளையை நீட்டினான்.

நிரப்பிக் கொடுத்தோம். குடித்தான் - அரைக் குவளைதான். ஆனால் இம்முறை நம் தோளுக்குப் பின்னே பார்க்கவில்லை. நம் முகத்தைப் பார்த்துக் குடித்தான்.